மெஹர்பானு வீட்டுக் கட்டில்

மனாமா, பஹ்ரைன்
20-6-1977

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு வந்த சீட்டில் நாலு வரிக்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் இருந்திருப்பேன். துபாய்க்கு உன் வீட்டுக்கு வந்த இரண்டு வருஷமாக அப்படித்தானே நடந்தது.

கிளினிக்கில் வேலை ஒன்றும் கடினமில்லை. வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும், டாக்டர் சொல்வதை டைப் அடிக்க வேண்டும். ஆனால் தருவதாகச் சொன்ன குவார்ட்டர்ஸ் இன்னும் பாதிச் சுவரோடு நிற்கிறது. அதுவரை இங்கே இரு என்று மெஹர்பானு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மெஹர்பானு பம்பாய்க்காரி. கணவர் போன பிறகு மாடி முழுக்கக் கட்டில்களைப் போட்டுப் பெண்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். இந்தத் தீவுக்குத் தனியாக வருகிற பெண்களுக்குக் கட்டுப்படியாகிற இடம் இது ஒன்றுதான் என்றார்கள். என் கட்டிலில் பகலில் ஒரு மலையாள நர்ஸ் தூங்குகிறாள். அவளுக்கு இரவு டியூட்டி. அவள் கிளம்பியதும் நான் வந்து படுக்கிறேன். மெத்தையில் சூடு ஆறியிருக்காது. முதல் நாள் அருவருப்பாக இருந்தது. இப்போது அலுப்பில் ஒன்றும் தெரிவதில்லை. குழாயில் உப்புத் தண்ணீர், தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிட்டது. குளிக்க வரிசை, அடுப்புக்கு வரிசை, இஸ்திரிப் பெட்டிக்கும் வரிசை. கொஞ்சம் தாமதித்தால் மெஹர்பானு மாடிப்படியில் நின்று "யல்லா, யல்லா" என்று கத்துவாள். ஏ.சி. உண்டு. சத்தம் நன்றாக வரும்.

என் பாஸ்போர்ட்டை அத்தானின் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டேன். தேடிக் கலங்க வேண்டாம் என்று அவரிடம் சொல். கோமதிக்கும் சங்கருக்கும் முத்தங்கள்.

நீலா


தேரா, துபாய்
2-7-1977

நீலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மெத்தைச் சூடு, உப்புத் தண்ணீர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் எழுதியிருக்கிறாய். இங்கே என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

நீ போன அன்று மத்தியானமே ரெங்கராஜ் உன்னைப் பெண் பார்க்க அல் ஐனிலிருந்து வந்துவிட்டார். கூடவே அவர் அக்கா, இரண்டு குழந்தைகள். நான் கேசரி கிளறிக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கூப்பிட உள்ளே போனால் உன் அலமாரி காலி. உன் சீட்டை நான் பார்த்ததே சாயங்காலம்தான். அந்த நேரத்துக்கு என்ன செய்வேன்? உனக்கு அம்மை போட்டிருக்கிறது, யாரும் உள்ளே வரவேண்டாம் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். குழந்தைகளை அள்ளிக்கொண்டு அந்த அம்மாள் கிளம்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. கேசரியை யாரும் தொடவில்லை.

நல்ல மனிதர் நீலா. சொந்தக் கடை. மனைவியை இழந்தவர். நீயும் புருஷனை இழந்து ஐந்து வருஷமாயிற்று. அவருக்குக் குழந்தைகள் இருப்பது ஒரு குற்றமா? உனக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்று நான்தான் சொன்னேன். அது பொய்யா?

சங்கர் சாப்பிடுவதில்லை. தட்டை வைத்தால் "சித்தி வில் ஃபீட் மீ" என்று உட்கார்ந்துவிடுகிறான். கோமதி தானே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள். ஒன்பது வயசுப் பெண்ணுக்கு அவ்வளவு ரோஷம்.

பீரோவில் பாஸ்போர்ட் வைத்தது உன்னைப் பூட்டி வைக்கவா? என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பத்திரத்துக்கு வைப்பது. உன் அத்தான் இதுவரை ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

கோபமெல்லாம் போதும். திரும்பி வா.

ஜலஜா


மனாமா
18-7-1977

அன்புள்ள அக்கா,

வரமாட்டேன். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது வேறு விஷயம்.

இங்கே வருகிறவர்கள் வருவார்கள், போவார்கள். போன வாரம் ஒரு எகிப்துக்காரத் தையல்காரி இருந்தாள். சாப்பிடும்போதெல்லாம் அழுவாள், அழுதுகொண்டே நமக்கும் ஒரு கை எடுத்து வைப்பாள். அவள் போன அன்றே அந்தக் கட்டிலுக்கு ஒரு யாழ்ப்பாணத்து டைப்பிஸ்ட் வந்துவிட்டாள். யாரும் யாரையும் நிறைய விசாரிப்பதில்லை. வேலையிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றவே தெம்பு இருப்பதில்லை.

போகாமல் இருப்பவள் ஒருத்திதான். பஞ்சவர்ணம், முதுகுளத்தூர்ப் பக்கம். கதவோரக் கட்டில் அவளுடையது. வீட்டு விரிப்புகளையெல்லாம் துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுவாள், அதற்காக மெஹர்பானு அவளை இருக்க விட்டிருக்கிறாள். நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன்.

"பெரியவுகளுக்கு துபாய்க்கு மாத்தலாயிருச்சு தாயி. எனக்கு விசா வரல. ஒரு பத்து நாளு இங்கன இருந்துக்க, விசா போட்டுக் கூப்புட்டுக்கிறோம்னு அம்மா சொல்லிட்டுப் போனாக. பாஸ்போட்ட அய்யா வாங்கிட்டுப் போயிருக்காக. விசா குத்தணும்ல."

"எப்போ போனாங்க?"

"போன கார்த்திகைல."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை அக்கா. நேற்று போனவர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த வீட்டுச் சின்னப் பையனைப் பிறந்த நாளிலிருந்து வளர்த்தவள் இவள். அவன் காதோரத்து மச்சம், சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு ஓடுவது, எல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு எங்கேயோ பார்த்த பையனாக இருந்தது. அய்யா பெயர் என்ன என்றேன். "கோபாலசாமி அய்யா. அம்மா பேரு ஜெயபாரதி."

அத்தானின் மேனேஜரேதான். அந்தப் பையனின் பிறந்தநாளுக்கு நீ என்னையும் அழைத்துப் போனாயே. பஹ்ரைனில் இருந்த ஆயா எவனோ டிரைவரோடு ஓடிப்போய்விட்டாள் என்று ஜெயபாரதி சொன்னாளே, ஞாபகமிருக்கிறதா? ஓடிப்போனவள் எனக்கு இரண்டு கட்டில் தள்ளித் தூங்குகிறாள்.

நீ போய் ஜெயபாரதியைக் கேள். பாஸ்போர்ட் கிடைத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

நீலா


தேரா, துபாய்
5-8-1977

நீலா,

உனக்கு என்ன, வெயில் தலைக்கு ஏறிவிட்டதா?

கோபாலசாமி சார் வீட்டுக்குப் போய் நான் என்னவென்று கேட்பேன்? நாங்கள் இருக்கிற வீடு கம்பெனி வீடு. உன் அத்தான் காலையில் போய் முதலில் வணக்கம் சொல்வது அவருக்கு. யாரோ ஒரு ஆயா சொன்னாள் என்று அவர் மனைவியைப் பொய்க்காரி என்று சொல்ல வேண்டுமா நான்? போன மாசியில் சங்கருக்கு டைபாய்டு வந்தபோது, நீயும் காய்ச்சலில் கிடந்தபோது, ஆஸ்பத்திரியில் என்னோடு உட்கார்ந்திருந்தது யார்? ஜெயபாரதிதான். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

அந்தப் பெண் ஏதோ தப்புச் செய்துவிட்டு இப்படி ஒரு கதை சொல்லலாம். இல்லை, உண்மையாகவே இருக்கட்டும். அதற்கு நாம் என்ன செய்வது? எம்பஸி இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. உன் முதலாளி டாக்டர் இருக்கிறார். ஏன் எல்லாம் என் தலையில்?

நீ போனதிலிருந்து இந்த வீட்டில் காலை எழுந்தால் படுக்கிறவரை நான் ஒருத்திதான். எனக்கும் முதுகு வலிக்கிறது. ஆனால் எனக்கு ஓடிப்போக ஒரு தீவு இல்லை.

ஜலஜா


மனாமா
9-9-1977

அக்காவுக்கு,

பத்து நாள் காய்ச்சல். இப்போதுதான் பேனாவைப் பிடிக்க முடிகிறது. பகலில் நர்ஸுக்குக் கட்டில் வேண்டும், நான் எங்கே போவது? பஞ்சவர்ணம் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து என் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நோன்போடு இருந்த மெஹர்பானு, "இது ஆஸ்பத்திரியா, ஹோட்டலா?" என்று கத்திக்கொண்டே கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள்.

எம்பஸிக்குப் போனேன். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று தெரியும்போது தொலைந்ததாக எப்படி எழுதுவது, முதலில் அவரிடம் கேளுங்கள் என்கிறார்கள். பஞ்சவர்ணம் பெயரில் நானே கோபாலசாமிக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

இப்போது இந்தத் தெருவில் வீடு வீடாக வந்து பேப்பர் பார்க்கிறார்கள். இரண்டு வீடு தள்ளி ஒரு சமையல்காரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மெஹர்பானு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பேப்பர் மாஃபி, ஒண்ணும் இல்ல. அவ மாட்டினா நானும் கலாஸ். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் வச்சுக்கறேன். அப்புறம் என்னால முடியாது" என்று இந்தியும் அரபியும் கலந்து சொன்னாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்திரத்துக்கு வைப்பது என்று எழுதியிருந்தாய். கோபாலசாமியும் பத்திரத்துக்குத்தான் வைத்திருப்பார்.

இதற்குமேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

நீலா


தேரா, துபாய்
23-10-1977

அன்புள்ள நீலா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஜெயபாரதி வீட்டில் கொலு. கம்பெனிப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எனக்குக் கேட்கிற எண்ணமே இல்லை, சத்தியமாக இல்லை. சுண்டலை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். புதிதாக ஊரிலிருந்து வந்த ஒரு பெண், ஆயா கிடைப்பாளா என்று விசாரித்தாள். ஜெயபாரதி சிரித்துக்கொண்டே, "வேண்டவே வேண்டாம்பா. எங்களுக்கு ஒருத்தி இருந்தா, டிரைவரோட ஓடிப்போனா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஏனோ, காய்ச்சலில் கிடக்கும் உன் பக்கத்தில் அவள் தரையில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிவது போல இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பஞ்சவர்ணம் ஓடலியே ஜெயபாரதி. மனாமாவுலதான் இருக்கா. நீங்க விட்ட இடத்துலயே இருக்கா. அவ பாஸ்போர்ட் உங்க வீட்டுலதானே இருக்கு?"

கொலுப்படிக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த அவள் சின்னப் பையன் ஓடி வந்து என் புடவையைப் பிடித்தான். "பஞ்சு? வேர் இஸ் பஞ்சு? பஞ்சு வந்தாச்சா?" என்று வாசற்கதவுவரை ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். ஆளைக் காணாமல் திரும்பி வந்து அம்மா முகத்தைப் பார்த்தான். ஜெயபாரதி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

நீ நினைக்கிற மாதிரி அவள் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "ரெண்டு தடவை விசாவுக்குப் போட்டார் ஜலஜா. வரலை. அப்புறம் நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டுட்டோம். அவளை நினைச்சாலே கஷ்டமா இருந்தது, அதனால நினைக்கவே இல்லை. கேட்கிறவங்களுக்கு ஏதாவது சொல்லணுமே" என்றாள். அப்புறம் கணவரின் மேசை இழுப்பறையைக் குடைந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் பம்பாய்க்கு ஒரு டிக்கெட்டும் ஆள்மூலம் அனுப்பிவிட்டாள். இரண்டையும் தேராவில் துணிக்கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது பாயிடம் கொடுத்திருக்கிறேன். அவர் சரக்கு எடுக்க அங்கே வருகிறார், உன் கிளினிக்கில் தருவார்.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். "எல்லார் முன்னாடியுமா கேட்டே?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "சரி, சாப்பாடு போடு" என்றார்.

அக்கா
ஜலஜா


மனாமா
14-11-1977

அன்புள்ள அக்கா,

நெய்னா முகம்மது பாய் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். பஞ்சவர்ணம் நேற்று ஊருக்குப் போய்விட்டாள்.

பாஸ்போர்ட்டை அவள் கையில் வைத்தபோது என் காய்ச்சலெல்லாம் அன்றுதான் விட்டதுபோல இருந்தது எனக்கு. அவள் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பிரித்தாள். தன் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இனிமே நான் துபாய்க்குப் போகலாம்ல தாயி?"

டிக்கெட்டைக் காட்டினேன். பம்பாய்க்கு, அங்கிருந்து ஊருக்கு என்றேன். "அப்ப விசா?" என்றாள். விசா இல்லை, வராது, அவர்கள் கூப்பிடப் போவதில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. உன் கடிதத்தில் அந்தப் பையன் வாசலுக்கு ஓடியதை எழுதியிருந்தாயே, அதை மட்டும் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

அழுவாள் என்று பயந்து பின்னால் போனேன். அழவில்லை. வீட்டிலிருந்த விரிப்பையெல்லாம், காலையில்தான் துவைத்தவற்றையும் சேர்த்து, திரும்ப ஊறப்போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து ஒன்றை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "ஒங்கள யாரு தாயி கேட்டா? அம்மா வருவாகன்னு நான் பாட்டுக்கு இருந்தேன்ல" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மெஹர்பானுதான் நடுவில் வந்து, "அவளை விடு. கோபம் உன் மேல இல்லை" என்றாள்.

கிளம்புகிற அன்று அவளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்சியில் விடவில்லை, ஏர்போர்ட்டிலும் விடவில்லை. உள்ளே போகிற இடத்தில் நின்று, "தம்பி என்னய மறந்துருமா?" என்று கேட்டாள்.

மறக்காது என்றுதான் சொல்ல நினைத்தேன் அக்கா. ஆனால், "மறந்துடுவான். சின்னப் பையன்தானே" என்று சொல்லிவிட்டேன்.

"அதான் நல்லது. புள்ள ஏங்காம இருக்கணும்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். நர்ஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே கோமதிக்கும் சங்கருக்கும் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சொல்லாமல் வந்தது உன்னிடமிருந்து தப்பிக்க. அவர்களிடம் சொல்லாமல் வந்திருக்க வேண்டியதில்லை. சங்கருக்கு நீ படித்துக் காட்டு. கோமதியின் கடிதத்தைப் பிரிக்காமல் அவளிடமே கொடு.

நீ அன்று கேட்டது லேசான காரியமில்லை. எனக்குத் தெரியும்.

நீலா


புஜைரா
30-12-1977

அன்புள்ள நீலா,

விலாசத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்வாய். புஜைரா சைட்டுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று கோபாலசாமி சார் உன் அத்தானைத் தேர்ந்தெடுத்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். கம்பெனி வீட்டைக் காலி செய்து, லாரியில் சாமானோடு மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு வந்தோம். இரண்டு அறை, தகரக் கூரை. கரண்ட் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் போனால் ஒன்றுமில்லை. பக்கத்தில் தமிழ்க் குடும்பம் கிடையாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் சரியாகவில்லை, நானே உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கு எனக்கே வரமாட்டேன் என்கிறது.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கேட்டிருக்க வேண்டாமோ என்று சில நாள் தோன்றுகிறது. அப்புறம் அந்தப் பையன் வாசலுக்கு ஓடியது ஞாபகம் வருகிறது. உன் அத்தான் மட்டும், "இங்கே கடல் நன்றாயிருக்கிறது" என்கிறார். சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார். தேராவில் இருந்தபோது அவர் பிள்ளைகளோடு நடந்து நான் பார்த்ததில்லை.

உன் கடிதத்தைச் சங்கருக்குப் படித்தேன். கோமதி அவளுடையதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் உன் பெயரைச் சொன்னால் இப்போது எழுந்து போவதில்லை.

ரெங்கராஜுக்குத் திருச்சியில் பெண் அமைந்துவிட்டதாம். நல்லது.

நீலா, உன்னைத் திரும்பி வந்து இருக்கச் சொல்லவில்லை. லீவு கிடைத்தால் இரண்டு நாள் வா. விருந்தாளியாக வா. நான் சமைக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன், பிள்ளைகளை நானே குளிப்பாட்டுகிறேன். நீ பேசாமல் உட்கார்ந்திரு. எனக்கு எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஜலஜா


மனாமா
12-1-1978

அன்புள்ள அக்கா,

டாக்டர் லீவு கொடுத்துவிட்டார். அடுத்த வியாழக்கிழமை பிளேனில் துபாய்க்கு வருகிறேன், அத்தானை அங்கே வரச் சொல். சனிக்கிழமை திரும்ப வேண்டும், அதற்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

குவார்ட்டர்ஸ் ஒருவழியாக முடிந்து சாவி கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் போய்விடுவேன். நர்ஸிடம் சொன்னேன். "அப்போ ராத்திரிக்கு எவளை அனுப்பப் போறாளோ" என்று கவலைப்பட்டாள். மெஹர்பானு வழக்கம்போலக் கத்தினாள். எதற்கென்று எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

பஞ்சவர்ணத்திடமிருந்து தகவல் ஒன்றும் இல்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. யாரிடமும் சொல்லி எழுதவைக்கிறவளும் இல்லை.

எனக்காக ஒன்றும் விசேஷமாகச் செய்யாதே. ஒரு ரசம் வை, போதும். சமைக்கும்போது நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ என்ன வேண்டுமானாலும் பேசு, சண்டை வேண்டுமானாலும் போடு. ஆனால் வந்ததும் முதலில் நான் தூங்க வேண்டும் அக்கா. பகலோ இரவோ, யாரும் எழுப்பாதீர்கள்.

சங்கர் மட்டும் எழுப்பலாம். அவனிடம் சொல்லி வை.

நீலா